மச்சான் விட்டுப்போன வண்டி

எனக்குப் பொறாமை பிடித்த புத்தி என்று என் மனைவி தாட்சாயிணி சொல்வாள். ஆமாம், பொறாமைதான். அவளுடைய அண்ணன் மாதிரி ஒரு மச்சான் வாய்த்திருந்தால் வேறு எவனாக இருந்தாலும் என்னைவிட மோசமாகப் பொறாமைப்பட்டிருப்பான். நான் கொஞ்சம் அடக்கமான ஆள்.

மச்சான் பெயர் மணவாளன். குவைத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் டிரைவர். என்னைவிட மூத்தவன், ஆனால் தலைமுடி என்னைவிட அதிகம். அப்பா அம்மா போன பிறகு தங்கச்சியை அவன்தான் வளர்த்து, என்னைப் பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொடுத்தான். அவனுக்கென்று கல்யாணம், குடும்பம் எதுவும் செய்துகொள்ளவில்லை. அதனால் சென்னீர்குப்பத்தில் இருந்த என் வீட்டில் அவன் பெயரைச் சொல்லாமல் அடுப்பு எரியாது. குழம்பு நன்றாக வந்துவிட்டால், "இது எங்க அண்ணனுக்குப் புட்ச்ச கொழம்பு" என்பாள். நன்றாக வராவிட்டால், "எங்க அண்ணனா இருந்தா மூஞ்சி சுளிக்காம துன்னும்" என்பாள். எப்படிச் சமைத்தாலும் ஜெயிப்பது அவன்தான்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு வருகிற வேலையில் பாதி, மோட்டார் சைக்கிளின் பிரேக் மிதியை மாட்டுகிற இரும்புப் பின் கடைவது. நான் கடைந்த அந்த இரும்புப் பின் எத்தனை ஊரில் எத்தனை பேர் காலுக்குக் கீழே இருக்கிறதோ தெரியாது. நான் மட்டும் தினமும் திருவேற்காடு, அயனம்பாக்கம் வழியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் இன்ஸ்பெக்டர் ஓட்டுவது, இல்லாவிட்டால் பால்காரர் கேன் கட்டிக்கொண்டு ஓட்டுவது. நம்மைப் போன்ற ஆள் அதைப் பற்றி நினைக்கவே மாட்டான். நினைக்காத வரை நிம்மதியாகத்தான் இருந்தது. எண்பத்தைந்துக்குப் பிறகு நூறு சிசி வண்டிகள் வந்தன. சின்ன வண்டி, ஒல்லி டாங்க், கொஞ்சம் பெட்ரோல் குடித்துவிட்டு நாள் முழுக்க ஓடும். ஃபிட்டர் வாங்கினான், ஸ்டோர் கீப்பர் வாங்கினான், கேன்டீன் போடுகிறவன்கூட வாங்கினான். பட்டறை வாசலில் சைக்கிள்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போய், கடைசியில் கக்கூஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டன. என் சைக்கிளும் அங்கேதான்.

எனக்குச் சிவப்பு யமஹா மேல் ஆசை. ஆர்எக்ஸ் நூறு. அதன் சத்தம் தெருமுனையில் கேட்டாலே என் கை தானாக முறுக்கும். ஒரு சீட்டும் கட்டிக்கொண்டு வந்தேன். என் தங்கச்சி கல்யாணம் வந்தது, சீட்டு அதற்குப் போனது. அதைப் பற்றி யாரிடமும் நான் புலம்பியதில்லை. எனக்குள்ளேயே புலம்பிக்கொண்டேன்.

எண்பத்தொன்பது பொங்கலுக்கு மச்சான் லீவில் வந்தான். செண்ட் பாட்டில், டூ இன் ஒன் டேப் ரெகார்டர், தாட்சாயிணிக்குச் சங்கிலி எல்லாம் வந்து இறங்கியது. எனக்கு ஒரு வாட்ச். நல்ல வாட்ச்தான், அது வேறு எரிச்சல். மறுநாள் என் பட்டறைப் பக்கம் வந்தவன் வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"மாப்ளே, இந்த மாரி வண்டி அங்க கெடைக்காது, தெர்மா?" என்றான்.

"குவைத்துல கெடைக்காததா?"

"காசக் கொட்னாலும் கெடைக்காது. அங்க ஒண்ணு காரு, இல்லாங்காட்டி ஆன மாரி பெரிய பைக்கு. அத்த தூக்கி நிறுத்தவே ரெண்டு ஆளு வோணும். நம்ம சைசுக்கு, நம்ம ரோட்டுக்கு இங்கதான் செய்யிறான். எங்க மொதலாளியாண்ட போட்டோ காட்னா, இது பொம்மையான்னு கேக்கறான். அவனுக்கு இன்னா தெரியும்?"

அவனுக்குக் கிடைக்காத ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று மத்தியானம் சோறு ருசித்தது. ஆனால் எனக்கு ஒரு வாரம்கூடச் சந்தோஷமாக இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. மச்சான் பூந்தமல்லியில் வாங்கிய புதுச் சிவப்பு யமஹாவில் வந்து என் வீட்டு வாசலில் இறங்கினான். நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த அதே சிவப்பு.

லீவு முடிகிற வரை தங்கச்சியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். திருவேற்காடு கோயிலுக்கு மூன்று பேரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம். அவர்கள் வண்டியில் போய்விடுவார்கள், நான் சைக்கிளில் போய்ச் சேரும்போது அர்ச்சனை முடிந்திருக்கும். என் நெற்றியில் குங்குமம் வைப்பதற்காக இருவரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள். மார்க்கெட்டுக்குப் போனால் அவர்கள் வண்டியில், காய்கறிப் பை என் சைக்கிளில். வண்டியில் பை மாட்டினால் டாங்க்கில் கீறல் விழுமாம்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று வண்டியை என் வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகையில் நிறுத்தினான். பழைய போர்வை போட்டு மூடினான். அப்புறம் என்னைக் கூப்பிட்டான்.

"மாப்ளே, வாரத்துக்கு ஒரு தபா ஸ்டார்ட் பண்ணு. இல்லாட்டி இஞ்சின் புட்ச்சிக்கும். ரோட்ல எடுக்க வோணாம், இந்த பெங்களூர் ஐரோட்ல லாரிக்காரன் எவன் எப்ப சாத்துவான்னு தெர்ல. ஸ்டாண்ட்லயே வெச்சி கொஞ்ச நேரம் உறும வுடு, போதும்."

சாவியை என் கையில் கொடுக்கவில்லை. தங்கச்சி கையில் கொடுத்தான். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கருமாரியம்மன் படத்துக்குப் பின்னால் மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கற்பூரம் காட்டுவாள். முதலில் அம்மனுக்கு, அடுத்து வண்டிக்கு, மூன்றாவதாகத் தட்டு எனக்கு வரும். பிறகு சாவி வரும். நான் போர்வையை விலக்கி, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, உதைத்துக் கிளப்பி, மேலே ஏறி உட்கார்ந்து முறுக்குவேன். கியர் போட்டால் பின் சக்கரம் காற்றில் சுற்றும். கொட்டகை முழுக்கப் புகை. எனக்கு முன்னால் தகரச் சுவர். பக்கத்து வீட்டுக் குணசேகரன் பல் விளக்கிக்கொண்டே மதில் மேல் தலையை நீட்டி என்னைக் கேலி செய்வான்.

"இன்னா கங்கா, நசரத்பேட்ட தாண்டிட்டியா? டீக்கட வந்தா நிறுத்துப்பா, நானும் எறங்கிக்கிறேன்."

சிரித்துச் சமாளிப்பேன். சிரிப்பு உதட்டோடு சரி.

ஏன், திருட்டுத்தனமாக ஒரு சுற்று எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். திருடி ஓட்டுவதற்கு நான் என்ன சின்னப் பையனா? கேட்டு ஓட்டவும் வாய் வரவில்லை. "ஓட்டிக்கோ மாப்ளே" என்று அவனாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். வண்டிக்காக மட்டும் இல்லை. என் வீட்டில் எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்று என் பெண்டாட்டி பார்க்க அவன் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் குவைத்திலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் குறைவு. கேசட்டில் பேசி, லீவில் வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். மச்சான் குரல் டூ இன் ஒன்னில் வந்தால் தாட்சாயிணி அதற்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவன் கேட்கிற கேள்விக்கெல்லாம் தலையாட்டிப் பதில் சொல்வாள். "தாட்சா, நல்லா கீறியா?" என்று கேசட் கேட்கும். "கீறேண்ணா" என்பாள். நான் நேரில் கேட்டால் ஒரு 'ம்' கிடைக்கும்.

ஒரு கேசட்டில் சொன்னான்: "தாட்சா, இங்க எல்லாம் கீது. அந்த வண்டி சத்தம் மட்டும் இல்ல. படுத்தா காதுல கேக்கற மாரியே கீது. ஒரு தபா அத்த டேப்புல புட்ச்சி அனுப்பு."

அந்த வெள்ளிக்கிழமை அவள் டேப் ரெகார்டரைச் சைலன்சர் பக்கத்தில் முக்காலி போட்டு வைத்தாள். நான் முறுக்கினேன். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கையை ஆட்டினாள். இரண்டு பக்கமும் நிரப்பி அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது.

"சத்தம் கேட்டேன். ஆனா இது ஸ்டாண்ட்ல நிக்கற சத்தம் தாட்சா. ஓடற சத்தம் வேற. மாப்ளைய ஒரு தபா ஐரோட்ல ஓட்டச் சொல்லு. நீ பின்னால குந்திகினு புடி."

கவனியுங்கள். 'ஓட்டிக்கோ' என்று சொல்லவில்லை. 'ஓட்டச் சொல்லு' என்றான். அதுவும் என்னிடம் சொல்லவில்லை. சரி, எப்படியோ ரோட்டுக்கு வந்தோமே என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெங்களூர் ரோடு, மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது கியர் போட்டபோது வண்டி சும்மா தள்ளிக்கொண்டு போனது பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்றினால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாட்சாயிணி மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு என் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஒட்டி உட்கார்ந்தது டேப் ரெகார்டர் நழுவாமல் இருப்பதற்காக. இரண்டு கையும் அதன் மேல்தான் இருந்தன.

வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். அண்ணனிடம்.

"ண்ணா, இப்ப பூந்தமல்லி தாண்டிட்டோம். ண்ணா, நல்லா காத்து வருது. புளியமரம்லாம் பின்னால ஓடுது. ண்ணா, இப்ப லாரிய முந்திட்டோம், கேட்டுச்சா?"

முந்தியது நான்.

"தாட்சா, பயமா கீதா?" என்று கேட்டேன்.

"உஷ்! டேப்பு ஓடுது. உங்க கொரலு வந்துடப் போவுது."

வீட்டுக்கு வந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு போய் அம்மன் படத்துக்குப் பின்னால் மாட்டிவிட்டாள்.

தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தது. குணசேகரன்தான் ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து சொன்னான். முதல் வாரம் தாட்சாயிணி நம்பவே இல்லை. "எங்க அண்ணன் டிரைவருதானே, அத்த இன்னா பண்ணப் போறாங்க" என்றாள். இரண்டாவது வாரம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு குழைந்தது, குழம்பில் உப்பு இல்லை, அண்ணனுக்குப் பிடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பழைய கேசட்டைப் போடுவாள், அவன் "நல்லா கீறியா" என்று கேட்கிற இடத்தில் பட்டென்று நிறுத்திவிடுவாள்.

ஒரு நாள் காலையில் நான் சைக்கிளை எடுக்கும்போது எதிரே வந்து நின்றாள். கையில் வண்டிச் சாவி. வெள்ளிக்கிழமைகூட இல்லை.

"ஆவடில ஒருத்தரு குவைத்துலேர்ந்து வந்துக்கிறாராம். போய்க் கேக்கலாம், வாங்க."

அன்றிலிருந்து வண்டி தினமும் ஓடியது. எவன் வீட்டில் ஆள் திரும்பி வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டாலும் கிளம்பினோம். ஆவடி, பூந்தமல்லி, பட்டாபிராம், ஒரு தரம் மழையில் மாங்காடு. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைச் சொன்னார்கள்: பாக்தாத் வழியாக பஸ், பாலைவனத்தில் கூடாரம், ஜோர்டானில் விமானத்துக்காகக் காத்திருப்பு, பம்பாய், ரயில். மணவாளனை யாரும் பார்க்கவில்லை. தாட்சாயிணி பின்னால் உட்கார்ந்து என் சட்டையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். இப்போது டேப் ரெகார்டர் கிடையாது. அவளுக்கு இருந்தது நான் ஒருவன்தான். பட்டறையில் அரை நாள் பர்மிஷன் கேட்டுக் கேட்டு முதலாளி முகம் கோணிவிட்டது, நான் கவலைப்படவில்லை.

அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. வேறு எப்படிச் சொல்வது? வண்டி என் கையில், அவள் என் முதுகில். மச்சான் வரக்கூடாது என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. மெதுவாக வரட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

கடைசியில் வேப்பம்பட்டில் ஒருவர் சொன்னார். கட்டிலில் படுத்திருந்தவர் மணவாளன் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "இவரா? எங்க கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரம். தண்ணி லைன்ல என்னிய முன்னாடி வுட்டாரும்மா. உசுரோட கீறாரு, பின்னாடியே வருவாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. வண்டியை மட்டும் கொஞ்சம் சுற்று வழியாக ஓட்டினேன்.

அடுத்த பத்து நாளில் வந்து சேர்ந்தான். தாடி, ஒட்டின கன்னம், தோளில் ஒரு துணிப் பை. எங்கள் வாசலில் நின்றவனை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தாட்சாயிணி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. சேர்த்து வைத்தது, கம்பெனி தரவேண்டிய சம்பளம், ரூமில் இருந்த சாமான் எல்லாம் அங்கேயே போயிற்று. குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனான். போர்வையை விலக்கி டாங்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நான் பாக்கெட்டில் இருந்த சாவியை எடுத்து நீட்டினேன்.

"இருக்கட்டும் மாப்ளே" என்றான். போர்வையை மறுபடி மூடிவிட்டான்.

அதன் பிறகு அவன் வண்டியைத் தொடவில்லை. அவன் எடுக்காதபோது நான் எப்படி எடுப்பது? மறுபடியும் எனக்குச் சைக்கிள். வண்டி கொட்டகையில் நின்றது, அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். தாட்சாயிணி மீன் வறுத்தால் நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போனது, வால் எனக்கு வந்தது. அவன் தூங்கினால் வீட்டில் யாரும் பாத்திரத்தைக்கூட நகர்த்தக் கூடாது. எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருந்தது.

தீபாவளி வந்தது. எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி இருக்கிற பெண்ணுக்குத் தீபாவளிச் சீர் வராமல் இருக்கக் கூடாது. புடவை, வேட்டி, பலகாரம், ஏதோ முடிந்ததைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். குவைத்தில் இருந்தபோதுகூட மச்சான் யார் மூலமாவது அனுப்பிவிடுவான், ஒரு வருஷமும் தவறியதில்லை. இந்த வருஷம் அவனிடம் என்ன இருக்கிறது? பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. புடவையும் வேட்டியும் நானே வாங்கிக்கொண்டு வந்தேன். "இந்த வருசம் நான் பாத்துக்கறேன் மச்சான்" என்று பெருந்தன்மையாகச் சொல்லவும் செய்தேன். அதை மனசுக்குள் நாலு நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால், வாசலில் வண்டி நிற்கிறது. கழுவித் துடைத்து, ஹெட்லைட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை. பக்கத்தில் தாம்பாளத்தோடு மச்சான். வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், அதற்கு நடுவில் சாவியும் ஆர்.சி. புத்தகமும்.

"தீவாளி சீரு. ரெண்டு பேரும் வந்து வாங்கிக்கோங்க" என்றான்.

"மச்சான், இன்னா இது? உனக்குன்னு இப்ப இது ஒண்ணுதான் கீது..."

"சீர வோணாம்னு சொல்லக் கூடாது மாப்ளே."

சொல்லக் கூடாதுதான். சொன்னால் அவனை வாசலில் வைத்துச் செருப்பால் அடித்த மாதிரி. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாட்சாயிணியோடு சேர்ந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்தவனிடம் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற என்னிடம் வாங்கிக்கொள்ளக் கைதான் இருந்தது. தாட்சாயிணி அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் வாங்கிவந்த புடவையை உடுத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். மதில் மேலிருந்து குணசேகரன் சொன்னான்: "மச்சான்னா இந்த மாரி இருக்கணும்பா!"

"போ மாப்ளே, மொதோ ரவுண்டு தங்கச்சிய வெச்சி ஓட்டு" என்றான் மச்சான். "ஐரோட்ல ஓட்டு. இன்னிக்கி லாரியே இருக்காது."

போனோம். உண்மையாகவே ரோடு காலி. எங்கோ வெடிச் சத்தம், மருந்து வாசனை, புதுத் துணி மொடமொடவென்றது. எரிச்சல் எல்லாம் பூந்தமல்லி தாண்டும்வரைதான். யார் கொடுத்தால் என்ன, வண்டி என்னுடையது என்று கை சொல்லத் தொடங்கிவிட்டது. மூன்றாவது கியர், நான்காவது கியர். தாட்சாயிணி ஒரு கையை என் தோளில் வைத்தாள். டேப் ரெகார்டர் இல்லை, அழுகை இல்லை, யாரையும் தேடிப் போகவும் இல்லை.

"மெதுவா போங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்லா கீதுங்க" என்றாள்.

எனக்குச் சொன்னாள். வேறு யாருக்கும் இல்லை, எனக்கு. அந்தத் தீபாவளிக்கு நான் வேறு எதையும் கேட்டிருக்க மாட்டேன்.

நசரத்பேட்டை வரை போய்த் திரும்பினோம். கொஞ்ச தூரம் வந்ததும் எதிர்ப்பக்கமாக ஒரு ஆள் ரோட்டோரமாக நடந்து வருவது தெரிந்தது. தோளில் துணிப் பை. தாட்சாயிணி என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"நிறுத்துங்க! அண்ணன்!"

வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டாள். மச்சான் எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

"பஸ்ஸு ஒண்ணும் வர்ல. அதான் நடந்துகினு கீறேன்" என்றான்.

"எங்கண்ணா போற? தீவாளி அன்னிக்கி, துன்னாம கூட?"

"ஸ்ரீபெரும்புதூர்ல தேவராஜுன்னு ஒருத்தன், லாரி ஷெட்டு வெச்சிக்கிறான். வந்து வண்டி ஓட்டுடான்னு கூப்ட்டான். சீர் குட்த்த கையால அதே ஊட்ல குந்திகினு துன்னக் கூடாது தாட்சா. இத்தினி நாளு துன்னதே தப்பு. இன்னிக்கி ஒரு அண்ணனா குட்த்துட்டேன், மரியாதையா கெளம்பிட்டேன். வுடு."

"நீ வர்லன்னா நான் இங்கேர்ந்து நவுர மாட்டேன்" என்று அவள் பையைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை. அவள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள், புதுப் புடவையோடு. அவன் அவளையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் வண்டியைப் பார்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பட்டறை வாசலில் பல வருஷம் நானே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதால் வரமாட்டான், கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டான், எதற்கு வருவான் என்று எனக்குத்தான் தெரிந்தது.

நான் இறங்கினேன்.

"மச்சான், நீ ஓட்டு. இவள இட்டுகினு ஊட்டுக்குப் போ. சோறு துன்ட்டு சாயங்காலமா எங்க வோணா போ. நான் பொடிநடையா வந்துடறேன்."

"வோணாம் மாப்ளே..."

"வண்டி யாருது? என்னுதுதானே? நான் சொல்றேன், ஓட்டு."

சொல்லும்போது குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்தது. வீம்புதான். ஒரு யமஹாவில் மூன்று பேர் போகலாம், ஊரே அப்படித்தான் போகிறது. யாராவது ஒருவர், "நீங்களும் குந்துங்க, நெருக்கிகினு போலாம்" என்று சொல்வார்கள் என்று நின்றேன்.

மச்சான் மெதுவாக வந்து ஹேண்டிலைப் பிடித்தான். குவைத்திலிருந்து வந்த நாளாக அவன் முகத்தில் இல்லாத ரத்தம் அப்போது வந்தது. தாட்சாயிணி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் தோளில் இருந்த பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். நல்ல பார்வைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டென்று முடிந்துவிட்டது. பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அவன் காது பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான். வண்டி கிளம்பியது.

நான் ஓட்டும்போது மேலே உட்கார்ந்திருந்ததால், அது போகிற சத்தத்தை வெளியே நின்று கேட்டதில்லை. ரோடு காலியாக இருந்ததால் ரொம்ப தூரம் வரை கேட்டது. நடுவே அவள் குரலும் கேட்டது, "ண்ணா, ண்ணா" என்று.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். கனக்கவே இல்லை. ஒரு லுங்கி, ஒரு சட்டை, சோப்பு டப்பா இருக்கலாம். எத்தனையோ வருஷம் அந்த வெயிலில் வண்டி ஓட்டியவனின் மொத்தச் சொத்தும் என் தோளில் இருந்தது. வீடு என்னுடையது, பெண்டாட்டி என்னுடையவள், இப்போது வண்டியும் என்னுடையது. அப்படியும் அந்த ரோட்டில் எனக்கு அவன்மேல்தான் பொறாமையாக இருந்தது.